‘எதிர்பாராதவிதமாக’ விழுந்தாரா?

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு செய்தி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊர் மாறும், வயது மாறும், எத்தனையாவது மாடி என்பது மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. ‘கட்டட வேலை செய்துகொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாகத் தவறி விழுந்தார். பலத்த காயமடைந்த அவர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார். போலீஸார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ தலைப்பு போட்டு, ஒரு ஃபைல் படம் சேர்த்து ஏற்றிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அடுத்த செய்திக்குப் போய்விடலாம்.

நானும் போயிருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணியதில்லை.

இந்த வாரம் அந்த ‘எதிர்பாராதவிதமாக’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணம், ஊரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கிறோம்.

அப்பாவின் நோட்டு

மாடி எடுப்பது என்று முடிவானதும் அப்பா ஒரு 80 பக்க நோட்டு வாங்கினார். செங்கல், எம்-சாண்ட், சிமென்ட், கம்பி, சென்ட்ரிங் வாடகை, கான்கிரீட் போடும் நாளில் ஆட்களுக்கு பிரியாணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. திருஷ்டிப் பூசணிக்காய்க்குக்கூட ஒரு வரி இருந்தது. மேலே ஏறி வேலை செய்யப்போகிறவர்கள் கீழே விழாமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

கேட்டேன். “அதெல்லாம் மேஸ்திரி பாத்துப்பாரும்மா” என்றார் அப்பா.

மேஸ்திரி அண்ணாவிடம் கேட்டேன். “பசங்க பாத்து ஏறுவாங்க பாப்பா. எத்தனை வருஷமா பண்றோம்” என்றார்.

ஆக, எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். யார், எதை, எப்போது பார்க்கப்போகிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த மூன்று கேள்விகளுக்கும் வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதிவைக்கும் பதிலுக்குப் பெயர்தான் பாதுகாப்புத் திட்டம். பெரிய கம்பெனிகளில் அது நூறு பக்க ஃபைலாக இருக்கும். நம் வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். உள்ளே இருக்கும் கேள்விகள் ஒன்றுதான்.

சட்டம் எங்கே வரை வரும்?

பெரிய கட்டுமானங்களுக்கு இது கட்டாயம். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1998-ல் மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் தயாரிக்க வேண்டும் என்றன அந்த விதிகள். மேலிருந்து கீழ்வரை யாருக்கு என்ன பொறுப்பு, ஆபத்தை எப்படி மதிப்பிடுவது, பயிற்சி எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் அவசரகாலத் திட்டமும் தனியாக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது, பணியிடப் பாதுகாப்புக்கான 2020-ம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டப்படி, ஒரு கட்டுமானத்தில் 250 பேர் இருந்தாலே பாதுகாப்பு அதிகாரி வேண்டும். முன்பு இது 500 பேர்.

சரி, நம் தெருவில் கட்டும் வீடு? சொந்தமாகக் குடியிருக்கக் கட்டுகிறோம், மொத்தச் செலவு 50 லட்சத்துக்குள் என்றால், புதிய சட்டம் அதைக் கட்டுமான வேலை என்ற தன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பழைய சட்டத்தில் இந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. எங்கள் மாடியும் அந்த 50 லட்சத்துக்குள்தான். எந்த அதிகாரியும் வந்து ‘திட்டம் எங்கே?’ என்று கேட்கமாட்டார்.

ஆனால், முதல் மாடியிலிருந்து விழுந்தாலும் எலும்பு அதேபோல்தான் உடையும். விழுந்தவர் இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வழக்கு வரலாம். 5 ஆண்டு வரை சிறை. சட்டம் விபத்துக்கு முன்னால் வரவில்லை என்பதற்காகப் பின்னாலும் வராது என்று நினைத்துவிட முடியாது.

சிங்கப்பூர் அண்ணன்

இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார், பெரியப்பா மகன். சிங்கப்பூரில் எட்டு வருஷம் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே சைட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் கட்டுமானத் தொழிலாளி பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பு தமிழிலும் நடக்கிறது. 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால், எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் ஏற முடியாது. தினமும் காலையில் வேலைக்கு முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து, இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று பேசுவார்கள். ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ என்று பெயர்.

“நம்ம ஆளுங்க அங்க பெல்ட் போடாம ஏறவே மாட்டாங்க. அதே ஆளு இங்க வந்தா லுங்கியோட சாரத்துல நிப்பான். ஆளு மாறல, சைட்டுதான் மாறிடுச்சு” என்றார் அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேர் வீட்டைச் சுற்றி நடந்தோம். அண்ணன், மேஸ்திரி அண்ணா, அவருடைய குழுவில் பல வருஷமாக சித்தாள் வேலை பார்க்கும் ஓர் அக்கா, கையில் நோட்டோடு நான். திட்டம் தயாரிப்பதில் முதல் வேலை இந்த நடைதான் என்றார் அண்ணன். மேஜையில் உட்கார்ந்து எழுதினால் எல்லா சைட்டுக்கும் ஒரே திட்டம்தான் வரும். இன்னொரு சைட்டின் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால், நம் வாசலில் போகும் மின்கம்பி அதில் இருக்காது.

வாசலில் போகும் கம்பி

மின்கம்பியைத்தான் முதலில் பார்த்தோம். தெருவோடு போகும் லைன், எங்கள் வீட்டு முகப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் போகிறது. வீடுகளுக்கு வரும் குறைந்த அழுத்த லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அதைவிட அதிகமாகவே இருந்தது. அப்பா நிம்மதியானார்.

“கம்பி எவ்ளோ நீளம் வரும்?” என்று கேட்டார் அண்ணன்.

“நாப்பது அடி” என்றார் மேஸ்திரி அண்ணா.

கடையிலிருந்து வரும் கட்டுக்கம்பி 12 மீட்டர். அதைத் தெருப்பக்கம் நின்று மாடிக்குத் தூக்கும்போது ஒரு முனை எங்கே போகும் என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கட்டடத்துக்கான இடைவெளி கட்டடத்துக்குத்தான் போதும். கையில் 40 அடி இரும்போடு திரும்பும் ஆளுக்குப் போதாது.

மேஸ்திரி அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க மச்சான் அப்படித்தான் பாப்பா போனான்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் அண்ணன் ஒரு வரிசை சொன்னார். உலகம் முழுக்கப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் பின்பற்றும் வரிசை அது.

முதலில், அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். கம்பியைக் கீழேயே அளவுக்கு வெட்டி, வீட்டின் பின்பக்கமாக ஏற்றினால் மின்கம்பிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். முடியாவிட்டால், ஆபத்தையும் ஆளையும் பிரிக்க வேண்டும். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லைனைத் தள்ளிப்போடச் சொல்லலாம், அல்லது அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால்தான் ‘இங்கே நின்று தூக்கக் கூடாது’ என்ற விதியும், கண்காணிக்க ஓர் ஆளும். கடைசிப் படிதான் கையுறை, பூட்ஸ், ஹெல்மெட்.

நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். பாதுகாப்பு என்றதும் மஞ்சள் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். 40 அடிக் கம்பி லைனில் பட்டால் ஹெல்மெட் என்ன செய்யும்?

எங்கள் ஒரு பக்கத் திட்டத்தின் முதல் வரி அப்போதுதான் எழுதப்பட்டது: ‘கம்பி கீழேயே வெட்டப்படும். பின்பக்கம் மட்டுமே ஏற்றப்படும். பொறுப்பு: மேஸ்திரி.’

சும்மாடும் ஹெல்மெட்டும்

சித்தாள் அக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட் என்ற பேச்சு வந்ததும் சிரித்தார். “சும்மாடு வெச்சு சட்டி தூக்குற தலையில ஹெல்மெட்ட எங்க போடறது?”

நியாயமான கேள்வி. ‘சைட்டில் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்’ என்று போர்டு எழுதுபவர்கள், தலையில் பாண்டு சட்டி தூக்கும் பெண்களிடம் ஒருமுறையாவது கேட்டிருப்பார்களா? இதற்கு பதில் ஹெல்மெட்டில் இல்லை, வேலையை அடுக்குவதில் இருக்கிறது என்றார் அண்ணன். கான்கிரீட் போடும் நாளில் லிஃப்ட் வைத்த மிக்ஸர் மெஷின் எடுத்தால் தலைச்சுமை பெரும்பாலும் குறைந்துவிடும். மற்ற நாள்களில் சுமை தூக்குபவர்கள் நடக்கும் பாதைக்கு நேர் மேலே யாரும் வேலை செய்யக் கூடாது. மேலே வேலை நடக்கும் பக்கம் கயிறு கட்டி வழியை மூடிவிட வேண்டும்.

அக்கா அடுத்து கேட்டதுதான் எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. “கக்கூஸ் எங்க போறது?”

வீட்டு சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்களாம். சித்திரை வெயிலில், மொட்டை மாடியில், சுமையோடு, தண்ணீர் குடிக்காமல். பிறகு ஒருநாள் மயங்கி விழுந்தால் நாங்கள் டெஸ்க்கில் எழுதுவோம், ‘எதிர்பாராதவிதமாக’ என்று.

பின்பக்கம் இருக்கும் கழிப்பறையின் சாவி இனி வேலை முடியும்வரை வெளியே தொங்கும் என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். திட்டத்தில் அதுவும் ஒரு வரி. குடிதண்ணீர்ப் பானை நிழலில், வெயில் காலத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல், பகல் 12 முதல் 3 வரை மேல்தளத்தில் கனமான வேலை வேண்டாம். பாதுகாப்புத் திட்டம் என்றால் விழுவதைத் தடுப்பது மட்டுமல்ல, ஆரோக்கியமும் அதில் பாதி. ஈர சிமென்ட் கையில் நெடுநேரம் இருந்தால் தோலை அரிக்கும். டைல்ஸையும் கிரானைட்டையும் உலர்ந்தபடி வெட்டினால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்து மூச்சைப் பிடிக்கும். முன்னதற்கு ரப்பர் கையுறை. பின்னதற்குத் தண்ணீர் ஊற்றி வெட்டுவதும், நல்ல மாஸ்க்கும். இவை யாருக்கும் பெரிய செலவில்லை.

ஏழு யானைகள்

சென்ட்ரிங் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடியில் 5 அங்குல கனத்துக்கு ரூஃப் போட்டால், அந்த கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 29 டன். வளர்ந்த யானைகள் ஏழு மாடியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறுகும் வரை அத்தனையையும் தாங்குவது அடியில் இருக்கும் முட்டுகள்தான். அந்த முட்டு, தளர்வான மண்ணில் உடைந்த செங்கல்லை வைத்து அதன்மேல் நின்றால்? கான்கிரீட் கொட்டும்போது சத்தம் கேட்கிறதா என்று பார்க்க யாராவது அடியில் போய் நின்றால்?

திட்டத்தில் எழுதினோம்: ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை, குறுக்கே இழுத்துக் கட்டுவது கட்டாயம், கான்கிரீட்டுக்கு முந்தின நாள் இன்ஜினீயர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்து, கொட்டும்போது அடியில் யாரும் இல்லை.

முட்டைப் பிரிப்பதில்தான் அவசரம் வரும். வாடகை ஓடுகிறதே! கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டும் சாதாரண வெப்பநிலையும் இருக்கும்போது, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டை 7 நாள் வைத்திருக்கச் சொல்கிறது; அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இது குறைந்தபட்சம். இன்ஜினீயர் இன்னும் கொஞ்ச நாள் வைக்கச் சொன்னால் வைக்கத்தான் வேண்டும். யார் சொன்னால் பிரிக்கலாம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயரை எழுதினோம். அது அப்பாவின் பெயர் அல்ல, இன்ஜினீயருடையது.

சாரத்துக்கு வருவோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில், 3.6 மீட்டருக்கு மேல் உயரும் சாரத்துக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பு வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். படிக்கட்டுக்காக விடும் திறப்பையும் மாடி விளிம்பையும் சேர்த்துக்கொண்டோம், கைப்பிடிச் சுவர் வரும்வரை அங்கேயும் குறுக்குக் கம்பு. இதற்கான கூடுதல் செலவு, பிரியாணிச் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்பாவின் நோட்டில் புது வரி வந்துவிட்டது.

தொட்டிக்குள் இருக்கும் காற்று

கீழே ஒரு சம்ப்பும் கட்டுகிறோம். அதைப் பற்றி எழுதும்போது மேஸ்திரி அண்ணாவே முன்வந்து பேசினார். புதுத் தொட்டியின் மூடித் தளம் போட்ட பிறகு, உள்ளே சென்ட்ரிங் பலகை பல நாள் மூடிக் கிடக்கும். ஈரத்தில் ஊறி மக்கும் மரம், உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். பார்க்கப் புதுத் தொட்டி, நாற்றம் இல்லை, கழிவு இல்லை. பலகையைப் பிரிக்க இறங்கியவர் மயங்கிவிடுவார். என்னமோ ஏதோ என்று இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். இந்த வகை செய்தியையும் நான் ஏற்றியிருக்கிறேன். ‘காப்பாற்றச் சென்றவரும் பலி.’

அதனால் ஒரு நாள் முன்பே எல்லா மூடிகளையும் திறந்து, ஊதும் விசிறி வைத்துக் காற்றை மாற்ற வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மறுமுனை மேலே நிற்பவர் கையில். உள்ளே இருப்பவர் பேசாவிட்டால் இழுக்க வேண்டுமே தவிர, பின்னாலேயே குதிக்கக் கூடாது. செப்டிக் டேங்க்குக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த டேங்க் என்றால் ஆளை இறக்கவே கூடாது.

தோண்டும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அது நெஞ்சுவரை மூடினாலே மூச்சுவிட முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டு. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது.

உள்ளே எத்தனை பேர்?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்திலிருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்ததை டி.வி-யில் நேரலையாகப் பார்த்த ஞாபகம் பலருக்கும் இருக்கும்.

அங்கே கட்டடமே நிற்கவில்லை. அந்த இடத்தில் பெல்ட்டும் ஹெல்மெட்டும் யாரையும் காப்பாற்றியிருக்காது. பாதுகாப்புத் திட்டம் சைட்டில் ஆரம்பிப்பதில்லை, மண் பரிசோதனையிலும் வரைபடத்திலும் ஆரம்பிக்கிறது என்பது அதிலிருந்து நாம் கற்க வேண்டிய முதல் பாடம். எங்கள் வீட்டிலும் மாடி எடுக்கலாமா, பழைய அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினீயர் பார்த்து எழுதிக்கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது பாடம், வருகைப் பதிவு. எங்கே இடிந்தாலும் மீட்புக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘உள்ளே எத்தனை பேர்?’ அதற்கு பதில் சொல்ல, அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று காலையில் எழுதிய பட்டியல் வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்றால், அவர் வீட்டு போன் நம்பரும் வேண்டும். பெயர் தெரியாமல் போவதைவிட ஒரு மனிதருக்கு வேறு அவமரியாதை இல்லை.

சுவரில் ஒட்டினால் போதுமா?

எழுதி முடித்ததும் நான் அழகாக டைப் செய்து பிரின்ட் எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பெருமையாக இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “இதை யாரு படிப்பா?” என்றார்.

கம்பி கட்ட வந்த மூன்று தம்பிகள் பிஹாரைச் சேர்ந்தவர்கள். தமிழ் கொஞ்சம் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. மேஸ்திரி அண்ணாவின் ஆட்களிலும் இரண்டு பேருக்கு எழுத்து வராது. எழுதிய திட்டம் காதில் விழாவிட்டால், அது எழுதியவரைக் காப்பாற்றும் காகிதமாக மட்டும் இருக்கும். அதனால் தினமும் காலை ஐந்து நிமிடம். டீ குடிக்கும்போதே மேஸ்திரி அண்ணா சொல்வார்: இன்றைக்கு என்ன வேலை, எங்கே போகக் கூடாது, யாருக்கு உடம்பு சரியில்லை. பிஹார் தம்பிகளுக்கு அவர்களில் தமிழ் தெரிந்தவர் இந்தியில் சொல்வார். புதிதாக வரும் ஆள் இதைக் கேட்காமல் மேலே ஏறக் கூடாது.

இன்னொன்று, திட்டம் ஒருமுறை எழுதி முடித்துவிடுவதல்ல. இரண்டாவது வாரம் மழை பெய்தது. சாரத்தில் ஒரு கயிறு தளர்ந்திருந்தது. ‘மழைக்கு மறுநாள் காலை சாரம் பார்த்த பிறகே ஏறுவது’ என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தோம். வேலை மாறினாலும், வானிலை மாறினாலும், ஆள் மாறினாலும் தாளும் மாற வேண்டும். பேனாக் கிறுக்கல் இருக்கும் திட்டம்தான் உயிரோடு இருக்கும் திட்டம்.

உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம்

வீடு கட்டுபவர்கள், கட்டப்போகிறவர்கள் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பதில்களை நீங்களும் உங்கள் மேஸ்திரியும் சேர்ந்து எழுதுங்கள்.

1. சைட்டைச் சுற்றி மின்கம்பி, பழைய சுவர், கிணறு, பள்ளம், தெருவில் போகும் பிள்ளைகள் என என்னென்ன இருக்கின்றன?

2. அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை ஒவ்வொரு கட்டத்திலும் விழ, நசுங்க, ஷாக் அடிக்க, மூச்சுத் திணற வாய்ப்பு எங்கே?

3. அதை இல்லாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால் எப்படித் தடுக்கிறோம்? பொறுப்பாளர் பெயர் என்ன?

4. சைட்டுக்கு எடுக்கும் மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? ஒயர் தண்ணீரில் கிடக்கிறதா?

5. சாரம், முட்டு, கைப்பிடியை யார், எப்போது பார்க்கிறார்? முட்டைப் பிரிக்கச் சொல்லும் ஒரே ஆள் யார்?

6. தண்ணீர், நிழல், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எங்கே?

7. விபத்து நடந்தால் 108-ஐ அழைப்பது யார்? வழி சொல்லத் தெருமுனையில் நிற்பது யார்? மெயினை அணைப்பது யார்?

8. இன்று வந்தவர்கள் பட்டியல் எங்கே? அவர்கள் வீட்டு எண்கள் எங்கே?

ஏழாவது கேள்விக்கு ஒரு சின்னக் குறிப்பு. உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள், கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். ஷாக் அடித்தவரை மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். கண்ணில் சிமென்ட் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கூடவே ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டட அனுமதி வாங்கும்போது தொழிலாளர் நல நிதி என்று நாம் ஒரு தொகை கட்டுகிறோமே, அது அவர்களுக்காகத்தான். பதிவு செய்யாதவர்களுக்கு அதன் முழுப் பலனும் போய்ச் சேராது.

எங்கள் வீட்டு ரூஃப் போன வாரம் போட்டாகிவிட்டது. கம்பி பின்பக்கமாகவே ஏறியது. பெல்ட் போடச் சொன்னால் இன்னமும் இரண்டு பேர் முனகுகிறார்கள், மேஸ்திரி அண்ணா விடுவதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தியாக எழுத அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

டெஸ்க்கில் மட்டும் அந்த நாலு வரி வந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ‘எதிர்பாராதவிதமாக’ என்பதை நீக்கிவிட்டு, அனுப்பிய நிருபருக்கு போன் போட்டு ஒன்று கேட்கிறேன்: “அங்க கைப்பிடி இருந்துச்சா அண்ணா?”

அடுத்த வாரம் சந்திப்போம்.